லெவெக் எழுந்து கொடுத்த நாற்காலி

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் செப்பனிட்ட எழுத்துவடிவம்)

 

மொன்றியலுக்கு விருந்தினர் வந்தால் நாங்கள் முதலில் அழைத்துப்போவது பழைய துறைமுகத்துக்குத்தான். மணிக்கூட்டுக் கோபுரம், இராட்டினம், ஆற்றோரம் ஐஸ்கிரீம் என்று பொழுது போய்விடும். இவ்வளவு உள்நாட்டில், கடலிலிருந்து இத்தனை தூரத்தில், ஒரு துறைமுகம் ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. விடை சில கிலோமீற்றர் மேலே இருக்கிறது. சென் லோறன்ஸ் ஆறு அங்கே பாறைகளில் விழுந்து நுரைத்து ஓடுகிறது. லஷீன் பாய்ச்சல் என்று பெயர். கடலிலிருந்து ஏறிவந்த கப்பல்கள் அதைத் தாண்ட முடியவில்லை. பொருட்களை இங்கேயே இறக்க வேண்டியிருந்தது. அப்படித்தான் நகரம் வந்தது.

அதே பாய்ச்சலின் தென்கரையில் ஒரு மோஹாக் ஊர் இருக்கிறது. கானவாகே. ‘பாய்ச்சலின் அருகே’ என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். ஒரே நீர்ப்பாய்ச்சல் ஒரு கரையில் நகரத்தையும் மறுகரையில் இந்த ஊரின் பெயரையும் உண்டாக்கியிருக்கிறது. மேர்சியே பாலத்தைக் கடந்தால் கானவாகே வந்துவிடும். நம்மவர்களில் பலருக்கு அந்த ஊரைத் தெரிந்திருப்பது பெற்றோலும் சிகரெட்டும் மலிவு என்ற அளவில்தான். இன்று நான் பேசப்போவது அந்த ஊரில் பிறந்த ஒரு பெண்ணைப் பற்றியும், அவருக்காகத் தன் நாற்காலியிலிருந்து எழுந்த ஒரு மாகாண முதல்வரைப் பற்றியும். பெண்ணின் பெயர் மேரி டூ-அக்ஸ் ஏர்லி. முதல்வர் ரெனே லெவெக்.

மேரி 1911 ஒக்ரோபர் 4 அன்று பிறந்தார். குடும்பப்பெயரின் ‘டூ-அக்ஸ்’ என்பது இரண்டு கோடரி என்று பொருள்படும். அம்மா ஒனைடா இனத்தவர், தாதியாகவும் ஆசிரியையாகவும் வேலை செய்தவர். வட டக்கோட்டாவில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஸ்பானியக் காய்ச்சல் தொற்றி அவர் இறந்தபோது மேரி சிறுமி. 18 வயதில் மேரி நியூயோர்க்கின் புரூக்ளினுக்குப் போனார்.

ஏன் புரூக்ளின்? அதற்கும் ஆற்றுக்கும் தொடர்பு உண்டு. 1886இல் கனடிய பசிபிக் ரயில்வே கானவாகே நிலத்தின் ஊடாக ஆற்றின் மேல் பாலம் கட்டியபோது அந்த ஊர் ஆண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். உயரத்தில் இரும்புச் சட்டங்களில் நின்று வேலை செய்வது அவர்களுடைய தொழிலாகவே ஆகிவிட்டது. 1907 ஓகஸ்ட் 29 அன்று இதே ஆற்றில் கியூபெக் நகரருகே கட்டிக்கொண்டிருந்த பாலம் சரிந்து விழுந்தது. இறந்தவர்களில் 33 பேர் கானவாகே ஆண்கள். ஒரே மாலையில் ஒரு சிற்றூர் இத்தனை பேரை இழந்தது. இனிமேல் எல்லா ஆண்களும் ஒரே பாலத்தில் வேலை செய்யக் கூடாது, பிரிந்து போங்கள் என்று பெண்கள் கட்டளையிட்டதாக ஊரில் சொல்வார்கள். பிரிந்து போனவர்கள் நியூயோர்க்கின் வானளாவிகளைக் கட்டினார்கள். புரூக்ளினில் அவர்களுக்கென்று ஒரு குட்டிக் கானவாகே உருவானது. கோண்டாவில்காரரும் வல்வெட்டித்துறைக்காரரும் ஒரே மாடிக் குடியிருப்பில் அடுத்தடுத்த கதவுகளில் குடியேறிய கதைதான். மேரி போனது அங்கேதான்.

அங்கே 1938இல் எட்வேர்ட் ஏர்லி என்ற ஐரிஷ் அமெரிக்கரை, மின்பொறியியலாளரை, மணந்தார். இரண்டு பிள்ளைகள். திருமணப் பதிவோடு மேரி கனடியச் சட்டத்தின் கண்ணில் இந்தியர் இல்லை என்றாகிவிட்டார்.

இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கனடாவில் ‘இந்தியர்’ என்பது தோற்றத்தையோ மொழியையோ வைத்துச் சொல்லப்படுவதல்ல. ஒட்டாவாவில் ஒரு பதிவேடு இருக்கிறது, அதில் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கு ‘ஸ்ரேற்றஸ்’ என்று பெயர். அகதியாக வந்து இறங்கிய நம் ஆட்களுக்கு இந்தச் சொல்லை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ‘ஸ்ரேற்றஸ் வந்திட்டுதா’ என்ற கேள்வியோடு விடிந்த ஆண்டுகள் நம்மில் பலருக்கு உண்டு. வித்தியாசம் என்னவென்றால், நாங்கள் வந்தேறிகளாக அதற்கு விண்ணப்பித்தோம். அவர்களோ தங்கள் சொந்த மண்ணில் அதை வைத்திருக்க வேண்டியிருந்தது, இழக்கவும் வேண்டியிருந்தது.

பதிவு பெற்ற பெண் பதிவில்லாத ஆணை மணந்தால் பதிவு போய்விடும் என்ற விதி 1869இல் வந்தது. 1876இன் இந்தியர் சட்டம் அதை எடுத்துக்கொண்டது. 1951இல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது அது 12(1)(பி) என்ற இலக்கத்தைப் பெற்றது. பிறகு வந்த போராட்டமெல்லாம் இந்த இலக்கத்தின் பெயரால்தான் நடந்தது. பதிவு போனால் ஊரில் வசிக்கும் உரிமை போகும், காணி வைத்திருக்கும் உரிமை போகும், ஊர்ச் சபைத் தேர்தலில் வாக்கு போகும், இறந்தபின் ஊர்ச் சுடலையில் இடமும் இல்லை. பிள்ளைகளுக்கும் எதுவும் சேராது. கணவன் இறந்தாலும் மணம் முறிந்தாலும் போனது திரும்பாது. இதன் மறுபக்கம்தான் இன்னும் கசப்பானது. பதிவு பெற்ற ஆண் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பெண்ணுக்குப் பதிவு கிடைக்கும். மொன்றியலில் பிறந்த ஒரு பிரெஞ்சுக்காரி சட்டப்படி மோஹாக் ஆகலாம், கானவாகேயில் பிறந்த மேரி ஆக முடியாது.

இதைத் திணித்தது எந்தச் சமூகத்தின் மேல் என்று பாருங்கள். மோஹாக் மக்கள் தாய்வழியினர். குலம் தாயிடமிருந்து வருகிறது. தலைவர்களைத் தெரிவதும் தவறினால் நீக்குவதும் குலத்தாய்மார். அந்த மக்களிடம் போய், நீ யார் என்பதை உன் அப்பாவும் உன் கணவனும் தீர்மானிப்பார்கள் என்று விக்ரோரியா காலத்துக் கனவான்கள் எழுதிக்கொடுத்தார்கள். ஒரு நூற்றாண்டு கழிந்தபோது அந்த ஊர் ஆண்களே அதைத் தங்கள் மரபு போலப் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

நாம் தலையை ஆட்டி அனுதாபப்பட்டு விலகிவிட முடியாது. யாழ்ப்பாணத்துத் தேசவழமையை ஒல்லாந்தர் 1706இல் தொகுத்தார்கள். பிரித்தானியர் காலத்தில், மேரி பிறந்த அதே 1911இல், யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் வழியுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன் 3ஆம் பிரிவு சொல்வது இது: தேசவழமைக்கு உட்பட்ட பெண் உட்படாத ஆணை மணந்தால், அந்த மணம் நீடிக்கும்வரை அவள் தேசவழமைக்கு உட்படமாட்டாள். உட்படாத பெண் உட்பட்ட ஆணை மணந்தால் அவள் உட்படுவாள். ஆணுக்கு அப்படி எதுவும் இல்லை. கொழும்பில் இருந்த ஒரு காலனித்துவச் சட்டவாக்கமும் ஒட்டாவாவில் இருந்த ஒன்றும் ஒரே தர்க்கத்தில் எழுதியிருக்கின்றன. விளைவின் கடுமை ஒன்றல்ல, அதை ஒப்புக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்துப் பெண் ஊரைவிட்டு வெளியேற்றப்படவில்லை. ஆனால் வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணோடு போகும் ஒரு சமூகத்தில், அந்த வளவை விற்கக் கணவனின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்ற விதியோடு வாழ்ந்த நம் அம்மாமார் மேரியின் கதையை விளக்கமில்லாமலே புரிந்துகொள்வார்கள்.

மேரி உடனே போராளியாகிவிடவில்லை. புரூக்ளினில் குடும்பம், கோடையில் பிள்ளைகளோடு கானவாகே என்று ஏறத்தாழ 30 ஆண்டுகள் போயின. 1966இல் அவருடைய தோழி ஒருவர், அவரும் வெளியே மணந்த மோஹாக் பெண், மாரடைப்பில் மேரியின் கைகளிலேயே இறந்தார். ஊரில் இருந்த வீட்டை விட்டுப் போகும்படி அந்தப் பெண்ணுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்த மன உளைச்சல்தான் அவரைக் கொன்றது என்று மேரி கடைசிவரை நம்பினார். அப்போது மேரிக்கு 55 வயதாகிக்கொண்டிருந்தது. நம் சமூகத்தில் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கத் தொடங்கும் வயது. அடுத்த ஆண்டு இந்தியப் பெண்களுக்குச் சம உரிமை கோரும் ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

இங்கே ஒரு மாகாண அரசியல்வாதி வருகிறார், லெவெக்குக்கு முன்னால். தெரேஸ் காஸ்க்ரேன். மொன்றியலின் பணக்காரக் குடும்பத்துப் பெண். கியூபெக்கில் பெண்களுக்கு வாக்குரிமை 1940 ஏப்ரலில்தான் கிடைத்தது. கனடிய மட்டத்தில் கிடைத்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், கத்தோலிக்கத் திருச்சபையும் மாகாண அரசியல்வாதிகளும் சேர்ந்து அதைத் தடுத்துவைத்திருந்தார்கள். கேட்டுக் கேட்டு, ஆண்டுக்காண்டு கியூபெக் நகரத்துக்குப் படையெடுத்து, அதைப் பெற்றவர்களில் முன்னணியில் நின்றவர் காஸ்க்ரேன். 1951இல் மாகாணத்தின் சமூக ஜனநாயகக் கட்சிக்குத் தலைவியானார். கனடாவில் ஓர் அரசியல் கட்சிக்குத் தலைமையேற்ற முதல் பெண் அவர். தேர்தலில் ஒருமுறையும் வென்றதில்லை. வெல்லாத அரசியல்வாதிகளின் வரலாற்றை யாராவது தனியாக எழுத வேண்டும், நல்ல புத்தகமாக வரும்.

1967இல் பெண்களின் நிலை பற்றிய அரச ஆணைக்குழுவை ஒட்டாவா அமைத்தபோது, அதன் முன்னால் போய்ச் சொல்லுங்கள் என்று மேரியைத் தூண்டியவர் காஸ்க்ரேன். 1968இல் மேரி மனுக் கொடுத்தார். 1970இல் வெளிவந்த ஆணைக்குழு அறிக்கை, இந்தியப் பெண்ணும் மணத்தால் தன் பதிவை இழக்காதபடி சட்டம் திருத்தப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை அலமாரியில் இருந்தது.

1969இல் கணவர் இறந்தார். மேரி கானவாகேக்குத் திரும்பினார். பாட்டியிடமிருந்து வந்த வீடு அங்கே இருந்தது. சட்டப்படி அவர் அதை வைத்திருக்க முடியாது. வழி எப்படிக் கிடைத்தது தெரியுமா? மகள் ஒரு கானவாகே மோஹாக் ஆணை மணந்திருந்தார், அதனால் மகளுக்குப் பதிவு உண்டு. வீட்டை மகளின் பெயருக்கு மாற்றி, மகள் வீட்டில் விருந்தாளியாகத் தாய் குடியிருந்தார். ஒரே வீட்டில் இரண்டு பெண்கள். ஒருவரை மணம் உள்ளே விட்டது, மற்றவரை மணம் வெளியே தள்ளியது.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒட்டாவா மட்டும் அல்ல, பூர்வகுடித் தலைமைகளே எதிர்த்தன. 1969இல் பியர் ட்ரூடோவின் அரசு ‘வெள்ளை அறிக்கை’ ஒன்றை வெளியிட்டு இந்தியர் சட்டத்தையே ஒழித்துவிடலாம், எல்லோரும் சமமான குடிமக்கள் என்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். சட்டம் போனால் ஒப்பந்தங்களும் ஒதுக்கப்பட்ட நிலமும் சேர்ந்து போகும் என்று பூர்வகுடியினர் பயந்தார்கள். பயத்துக்கு நியாயம் இருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் பெண்கள் வந்து இந்தச் சட்டத்தின் ஒரு கல்லை உருவுங்கள் என்றபோது, கட்டடமே விழுந்துவிடும் என்று ஆண் தலைவர்கள் பதறினார்கள். 1973இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில், இந்த விதி சமத்துவத்துக்கு முரணானது அல்ல என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்திருந்தவர்கள் ஒன்ராறியோவின் ஜெனற் கோர்பியே லவெல், இவோன் பெடார்ட் என்ற இரண்டு பெண்கள். அந்த வழக்கில் பெரிய பூர்வகுடி அமைப்புகள் நின்றது இந்தப் பெண்களுக்கு எதிர்ப்பக்கத்தில். இயக்கத்துக்கு இது நேரமில்லை, பெண்கள் பிரச்சினையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வாக்கியம் நமக்குப் புதிதல்ல.

கானவாகேயில் இந்தப் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது நம்மைத் திரும்பத் துறைமுகத்துக்குக் கொண்டுவருகிறது. 1950களில் பெருங்கடல் கப்பல்கள் லஷீன் பாய்ச்சலைத் தவிர்த்துப் பேரேரிகள் வரை போவதற்காக சென் லோறன்ஸ் கடல்வழி வெட்டப்பட்டது. 1959 ஜூன் 26 அன்று எலிசபெத் அரசியும் ஐசனோவரும் மொன்றியலுக்கு எதிரே சென் லம்பேரில் அதைத் திறந்துவைத்தார்கள். துறைமுகத்துக்குத் தென்கரையில் அந்தக் கால்வாய் இன்றும் ஓடுகிறது. கானவாகேயில் அதற்காக ஏறத்தாழ 1,260 ஏக்கர் பறிக்கப்பட்டது. ஆற்றோரத்து வீடுகள் போயின. ‘பாய்ச்சலின் அருகே’ என்று பெயர் கொண்ட ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே கப்பல் கால்வாய் வந்து படுத்துக்கொண்டது. இருந்த நிலமும் குறைந்துபோன ஊரில், வெளியே மணந்தவர்கள் கணவன்மாரோடு திரும்பிவந்தால் இடம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. 1973இல் பூர்வகுடி அல்லாதவர்களை ஊரைவிட்டு வெளியேற்றும் முயற்சியே நடந்தது. நிலத்தை எடுத்தது கூட்டாட்சி அரசு. கணக்கைத் தீர்த்தது பெண்களிடம் என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

1975 அனைத்துலகப் பெண்கள் ஆண்டு. மெக்சிகோ நகரில் ஐ.நா. மாநாடு. மேரியும் கானவாகேப் பெண்கள் சிலரும் அங்கே போயிருந்த சமயம் பார்த்து, ஊர்ச் சபை அவர்களுக்கு வெளியேற்றக் கடிதங்களை அனுப்பியது. ஊரில் சுமார் 60 பெண்கள் இப்படிக் கடிதம் பெற்றார்கள். மெக்சிகோவில் இருப்பவருக்கு அனுப்பியதுதான் சபை செய்த பிழை. உலகம் முழுவதும் பெண்கள் பிரதிநிதிகள் கூடியிருந்த மண்டபத்தில் அந்தச் செய்தி வெடித்தது. கடிதங்கள் திரும்பப் பெறப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டில்தான் கியூபெக் பூர்வகுடிப் பெண்கள் சங்கம் உருவாகியிருந்தது, அதிலும் மேரியின் கை உண்டு.

இனி லெவெக். கியூபெக்கைத் தனி நாடாக்க வேண்டும் என்று கட்சி கட்டி 1976இல் ஆட்சிக்கு வந்தவர். அதற்கு முன் தொலைக்காட்சியில் உலக நடப்பை வீட்டு மொழியில் விளக்கிய புகழ்பெற்ற பத்திரிகையாளர். குள்ளமான உருவம், விரலிடுக்கில் அணையாத சிகரெட், கலைந்த தலை. 1980 பொதுவாக்கெடுப்பில் தோற்றார். 1981 நவம்பர் 4ஆம் திகதி இரவு அவர் ஹோட்டலில் உறங்கிக்கொண்டிருந்தபோது, மற்ற முதல்வர்கள் ட்ரூடோவின் ஆட்களோடு புதிய அரசியலமைப்புக்கு உடன்பாடு கண்டுவிட்டார்கள். கியூபெக்கில் அதை ‘நீண்ட கத்திகளின் இரவு’ என்பார்கள். 1982 ஏப்ரல் 17 அன்று கியூபெக்கின் சம்மதம் இல்லாமலே அரசியலமைப்பு கையொப்பமானது.

பூர்வகுடியினர் விடயத்தில் அவருடைய பதிவேடு சுத்தமானதல்ல. 1981 ஜூனில், சால்மன் மீன்பிடித் தகராறில், அவருடைய அரசு ரெஸ்ரிகூஷ் என்ற மிக்மாக் ஊருக்குள் மாகாணப் பொலிஸை இரண்டு முறை அனுப்பியது. வலைகள் பறிக்கப்பட்டன, ஆட்கள் அடிபட்டார்கள். மொன்றியலில் வாழும் அபெனாக்கி திரைப்பட இயக்குநர் அலனிஸ் ஒபோம்சாவின் அதைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. மறுபுறம், 1960களில் மாகாண இயற்கைவள அமைச்சராக இருந்தபோதே வடக்கின் இனூயிட் மக்களுடன் மாகாணம் நேரடியாக உறவு வைக்க வேண்டும் என்று தனித் திணைக்களம் அமைத்தவர். 1983 பெப்ரவரியில் அவருடைய அமைச்சரவை பூர்வகுடியினர் தனித்த தேசங்கள் என்பதை ஏற்று 15 கோட்பாடுகளை நிறைவேற்றியது. ஒரே மனிதர்தான். அரசியல்வாதிகளைத் துண்டுதுண்டாக வெட்டி நல்ல துண்டை மட்டும் எடுத்துவைக்க எனக்கு விருப்பமில்லை.

1983 மார்ச் நடுப்பகுதி. ஒட்டாவாவில், பழைய ரயில் நிலையமாக இருந்த மாநாட்டு மண்டபம். பூர்வகுடி உரிமைகளை வரையறுக்க ஓராண்டுக்குள் முதல்வர்கள் மாநாடு கூட்ட வேண்டும் என்று புதிய அரசியலமைப்பே கட்டாயப்படுத்தியிருந்தது. பிரதமர், மாகாண முதல்வர்கள், நான்கு தேசியப் பூர்வகுடி அமைப்புகளின் தலைவர்கள் எல்லோரும் ஒரே மேசையில். தொலைக்காட்சி நேரடி ஒளிபரப்பு. பெண்கள் அமைப்புக்கு மேசையில் தனி நாற்காலி இல்லை. பெண்களின் கருத்தைத் தங்கள் பிரதிநிதிகள் ஊடாகச் சொல்லலாம் என்பது ஏற்பாடு. மேரிக்குப் பேச இடம் தரப்படவில்லை. அப்போது லெவெக் கியூபெக்குக்குரிய தன் நாற்காலியை மேரிக்குக் கொடுத்தார். 71 வயதுப் பெண் முதல்வரின் இடத்தில் அமர்ந்து, ஒலிவாங்கியை இழுத்து, உங்கள் மனச்சாட்சியைத் தேடிப்பாருங்கள், என் சகோதரிகளை விடுவியுங்கள் என்ற கருத்துப்பட மேசையைச் சுற்றியிருந்தவர்களிடம் கேட்டார்.

இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிப் போவது எளிது. கொஞ்சம் அரசியலும் உண்டு. 12(1)(பி) ஒட்டாவாவின் சட்டம். மாகாண முதல்வர் ஒருவர் அதைத் திருத்தவும் முடியாது, அதற்காக எதையும் இழக்கவும் மாட்டார். தன்னை உறங்கவிட்டு உடன்பாடு செய்தவர்கள் முன்னால், ட்ரூடோவின் முன்னால், சமத்துவம் பேசும் உங்கள் அரசியலமைப்பின் இலட்சணத்தைப் பாருங்கள் என்று காட்டுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. இந்தக் கணக்கு அவர் மனதில் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் அதே மண்டபத்தில் இன்னும் பல நாற்காலிகள் இருந்தன. மற்ற முதல்வர்களுக்கும் எழுந்திருக்கச் செலவு எதுவும் இல்லை. அதிகாரமில்லாத விடயத்தில் ஓர் அரசியல்வாதி செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், தனக்குக் கிடைத்த பேச்சு நேரத்தை, பேச வேண்டியவருக்குக் கொடுப்பது ஒன்று. அதை அவர் செய்தார்.

அந்த மாநாட்டின் விளைவாக அரசியலமைப்பின் 35ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்ந்தது. பூர்வகுடி உரிமைகளும் ஒப்பந்த உரிமைகளும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக உறுதிசெய்யப்படுகின்றன என்பது அதன் சாரம். 35(4) என்று இலக்கம். இதில் விசித்திரம் என்னவென்றால், அந்த உடன்படிக்கையில் கூட்டாட்சி அரசு கையெழுத்திட்டது, ஒன்பது மாகாணங்கள் கையெழுத்திட்டன, கியூபெக் கையெழுத்திடவில்லை. 1982 அரசியலமைப்பை ஏற்காத மாகாணம், அதைத் திருத்தும் உடன்படிக்கையில் எப்படிக் கையெழுத்திடும்? நாற்காலியைக் கொடுத்த கை பேனாவைப் பிடிக்கவில்லை. கியூபெக்கின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கியூபெக் மண்ணிலிருந்து வந்த ஒரு பெண்ணின் பேச்சுக்குப் பிறகு பிறந்த வரியில் கியூபெக்கின் பெயர் இல்லை என்பது ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் உறுத்துகிறது.

அதன்பிறகு காரியம் வேகமாக நடந்தது. 1981இலேயே நியூ பிரன்ஸ்விக்கின் சாண்ட்ரா லவ்லேஸ் தொடுத்த முறைப்பாட்டில் ஐ.நா. மனித உரிமைக் குழு கனடாவைக் குற்றவாளியாகக் கண்டிருந்தது. 1985 ஏப்ரல் 17 அன்று உரிமைகள் சாசனத்தின் சமத்துவப் பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு 12(1)(பி)யைக் காப்பாற்ற யாராலும் முடியாது. 1985 ஜூன் 28 அன்று சி-31 மசோதா சட்டமானது. அடுத்த சில நாட்களில் அமைச்சர் டேவிட் குரோம்பி, பதிவைத் திரும்பப் பெற்ற முதல் பெண்ணாக மேரியின் கையில் ஆவணத்தைக் கொடுத்தார். 47 ஆண்டுகள் கழித்து. அன்று மேரி சொன்னவற்றில் முக்கியமானது, இனி ஊரில் வாழலாம், சொத்து வைத்திருக்கலாம், இறந்தால் சொந்த மக்களோடு புதைக்கப்படலாம் என்பது. லெவெக் அந்த ஆண்டு ஒக்ரோபரில் பதவியை விட்டார், 1987 நவம்பர் 1 அன்று மொன்றியலில் இறந்தார். விலகுவதற்கு முன், 1985 மார்ச் 20 அன்று, பூர்வகுடித் தேசங்களை அங்கீகரிக்கும் தீர்மானத்தைத் தன் சட்டமன்றத்தில் நிறைவேற்றியிருந்தார். கூட்டாட்சியின் ஆவணத்தில் போடாத கையெழுத்தைத் தன் சொந்த மன்றத்தின் தாளில் போட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

2000ஆம் ஆண்டளவில் சி-31 மூலம் பதிவு பெற்றவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆனால் அந்தச் சட்டத்திலும் ஒரு கள்ளக்கதவு இருந்தது. பதிவை 6(1), 6(2) என்று இரண்டு வகையாகப் பிரித்தார்கள். 6(2)இல் இருப்பவர் பதிவில்லாதவரை மணந்தால் பிள்ளைக்குப் பதிவு இல்லை. வெளியே மணந்த ஆணின் பேரப்பிள்ளைக்குக் கிடைத்தது, வெளியே மணந்த பெண்ணின் பேரப்பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. பாகுபாடு ஒரு தலைமுறை கீழே இறங்கிப் போய் உட்கார்ந்துகொண்டது. 2009இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஷரன் மக்கைவர் வழக்கு, 2015இல் கியூபெக் உயர் நீதிமன்றத்தில் ஒடானாக், வொலினாக் என்ற அபெனாக்கி ஊர்களின் டெஷனோ வழக்கு. ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒரு ஒட்டுப்போட்ட திருத்தம். 1951க்கு முன் பதிவிழந்த பெண்களின் சந்ததியையும் சேர்த்துக்கொள்ளும் பகுதி 2019 ஓகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் தலைமுறையில் வெட்டும் விதி அதற்குப் பிறகும் நீடித்தது.

கானவாகே தன் வழியில் போனது. வெளியே மணந்தால் வெளியே இரு என்ற தடையை ஊர்ச் சபை 1981இல் கொண்டுவந்தது. இம்முறை ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒன்றாக, என்பதைக் கவனியுங்கள். 2018இல் கியூபெக் உயர் நீதிமன்றம் அது குடும்ப நிலையின் அடிப்படையிலான பாகுபாடு என்றது. எங்கள் உறுப்பினர் யார் என்பதை வெளி நீதிமன்றம் சொல்வதா என்று ஊர் கேட்டது. 1876இல் வெளியார் எழுதிய விதியால் ஊர் பட்ட பாட்டை நினைத்தால் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்த வீட்டு வாசலில் நின்று பார்த்தால் அந்தக் கேள்வியை ஏற்கவும் முடியாது.

நாற்காலிக்குத் திரும்புகிறேன். கியூபெக்கில் பூர்வகுடியினருக்கு மாகாண வாக்குரிமை கிடைத்ததே 1969இல்தான். ஒரு பூர்வகுடிப் பெண் அந்தச் சட்டமன்றத்துக்குத் தெரிவாக மேலும் 53 ஆண்டுகள் எடுத்தன. 2022 ஒக்ரோபரில் இன்னு இனத்தவரான கட்டேரி ஷம்பாஞ் ஜூர்டான், வடகரையின் டுப்ளெசி தொகுதியில் வென்று அமைச்சருமானார். இரவல் நாற்காலி இல்லை, சொந்த நாற்காலி. அவர் அமர்ந்த அரசோ, 2020இல் ஜோலியெட் மருத்துவமனையில் வசவுகளுக்கு நடுவே ஜொய்ஸ் எஷகுவான் என்ற அத்திக்காமெக் தாய் இறந்தபிறகும், ‘அமைப்புரீதியான இனவாதம்’ என்ற சொல்லை ஏற்க மறுத்த அரசு. மேரிக்கு மேசையில் இடமில்லை, சொல்ல வேண்டியது தெளிவாக இருந்தது. இப்போது இடம் இருக்கிறது, கட்சியின் கட்டுப்பாடும் சேர்ந்து வந்திருக்கிறது. இரண்டில் எது கடினம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கேள்வி நேரத்தில் உங்களில் யாராவது சொல்லுங்கள்.

மேரி 1996 ஓகஸ்ட் 21 அன்று, 84ஆவது வயதில் இறந்தார். கானவாகேயின் கத்தோலிக்கச் சுடலையில், ஆற்றிலிருந்து கொஞ்சத் தூரத்தில், ஊர்க்காரராகவே புதைக்கப்பட்டார்.